இன்னொரு அவதி

அத்தியாயம் 14

குழந்தையையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்று போன முறை நீதிபதி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அனுப்பிரியா அந்த வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்து, மகளுக்குப் பிடித்த மஞ்சள் சேலையைக் கட்டிக்கொண்டு, கொழிஞ்சாம்பாறையில் பாலக்காட்டு பஸ் ஏறினாள்.

பக்கத்தில் அப்பா ரத்தினசாமி. தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற முறை அன்றைக்கு அவருடையது. அதை ஆளிடம் விட்டுவிட்டு வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாகக் கிளம்பிவிட்டார்.

“இன்னைக்காவது மிதுவைக் கண்ணுல காட்டுவாங்களாப்பா?”

“காட்டித்தான் ஆகோணும் அம்மிணி. எத்தன நாளைக்குத்தான் அந்த ஆளு ஆட்டம் காட்டுவான்?”

அந்த ஆள் என்று அவர் சொன்னது மருமகன் கோகுல்நாத்தை அல்ல. மருமகனுடைய வக்கீலை.

எலப்புள்ளியில் கோகுல்நாத்தின் வீட்டைவிட்டு அனுப்பிரியா வெளியே வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் அவள் பார்த்துவந்த லேப் வேலையை விடச் சொன்னான். ஏன் என்று கேட்டாள். கை நீட்டினான். இரண்டாம் தடவை கை நீட்டிய அன்று கட்டிய சேலையோடு கிளம்பிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் இருந்த மகள் மிதுலாவைச் சாயங்காலம் வந்து கூட்டிக்கொள்ளலாம் என்று நினைத்ததுதான் தப்பாகப் போயிற்று. சாயங்காலம் அந்த வீட்டுக் கேட் உள்பக்கம் பூட்டியிருந்தது.

இப்போது பிரிந்துவிட அவளும் தயார், அவனும் தயார். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினால் ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால் உட்காரவிட்டால்தானே!

கோகுல்நாத்தின் வக்கீல் ரமேஷ்குமார் போனை எடுக்க மாட்டார். அனுப்பிய நோட்டீஸ் வந்து சேரவில்லை என்பார். சமரசம் பேசலாம் என்று அவரே ஒரு நாள் சொல்வார். அந்த நாள் பார்த்து எர்ணாகுளம் போய்விடுவார். சனிக்கிழமைதோறும் மகளைக் கோர்ட்டிலுள்ள குழந்தைகள் அறையில் தாயிடம் விட வேண்டும் என்று உத்தரவு வந்த பிறகும், ஒரு சனிக்கிழமைகூட மிதுலா வரவில்லை. ஒரு வாரம் காய்ச்சல். அடுத்த வாரம் பழனிக்குப் போயிருக்கிறார்கள். அதற்கடுத்த வாரம் பங்காளி வீட்டில் துக்கம். அனுப்பிரியா அந்த அறையில் கிடந்த பிளாஸ்டிக் பொம்மைகளோடு தனியாக உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வருவாள்.

கேஸை ஒத்திவைப்பதற்குத் தமிழ்நாட்டில் வாய்தா என்பார்கள். பாலக்காட்டில் மலையாளத்தில் அதற்குப் பெயர் அவதி. முதல் தடவை அந்தச் சொல்லைக் கேட்டபோது ரத்தினசாமி, “பேரையாவது செரியா வெச்சிருக்கறாங்க” என்றார்.

கோர்ட் வராந்தாவில் அவர்களுடைய வக்கீல் ஆனந்தி காத்துக்கொண்டிருந்தாள். அனுப்பிரியாவைவிட இரண்டொரு வயதுதான் மூத்தவள். வண்ணாமடைக்காரி. அவள் வாயைத் திறக்கும் முன்பே பின்னாலிருந்து சென்ட் வாசனை வந்தது. ரமேஷ்குமார்.

“ஆனந்தி வக்கீலே, குட்டியைக் கூட்டிட்டு வர ஆள் போயிருக்கு. பரீட்சை முடிஞ்சிட்டு வரணும் இல்லையா? நம்ம கேஸை உச்சைக்குப் பின்னே எடுக்கச் சொல்லிடலாம். என்ன?”

அனுப்பிரியா அவர் முகத்தையே பார்த்தாள். இத்தனை மாதத்தில் அந்த மனிதர் ஒரு தடவைகூட அவளை நேருக்கு நேர் பார்த்ததில்லை. அங்கே அவள் நிற்கவே இல்லை என்பதுபோலத்தான் பேசுவார்.

“நிச்சயமா வருதுங்களா சார்?” என்றாள் ஆனந்தி.

“ஞான் சொன்னால் போதாதா?”

ஆனந்திக்கு அதே வளாகத்தில் முன்சீப் கோர்ட்டில் வேறொரு கேஸ் இருந்தது. மத்தியானத்துக்குள் வந்துவிடுகிறேன் என்று அவள் அங்கே போனாள்.

அவள் போய்க் கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது. உள்ளேயிருந்து அனுப்பிரியாவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அவள் பதறிப்போய் உள்ளே ஓடினாள். ரமேஷ்குமார் முன்னாலேயே எழுந்து நின்றுகொண்டிருந்தார். கை இரண்டையும் கட்டிக்கொண்டு, மலையாளத்தில், அத்தனை பணிவாகச் சொன்னார்: “குழந்தைக்கு சிக்கன்பாக்ஸ். உடம்பெல்லாம் கொப்புளம். எதிர்த்தரப்பு வக்கீலிடம் சொல்லிவிட்டேன். அவருக்கும் ஆட்சேபம் இல்லை, அதனால்தான் அவர் வரவில்லை. வெக்கேஷன் கழிந்து ஒரு தேதி கொடுத்தால் உபகாரமாக இருக்கும்.”

அனுப்பிரியா மலையாளம் நன்றாகப் பேசத் தெரிந்தவள்தான். ஆனால் அப்போது வாயில் வந்தது தமிழ்.

“பொய்யுங்க மேடம்! சித்த முன்னாலதான் கொழந்தை வந்துட்டு இருக்குது, மத்தியானம் எடுக்கலாம்னு எங்க வக்கீல்கிட்ட இவரே சொன்னாருங்க. அவங்களை அந்தக் கோர்ட்டுக்கு அனுப்பிச்சுட்டு இங்க வந்து இப்படிச் சொல்றாருங்க!”

“நான் அப்படி ஒன்றும் சொல்லவில்லை” என்றார் ரமேஷ்குமார், நீதிபதியைப் பார்த்து மட்டும்.

நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றினார். அவருக்குத் தமிழ் புரியும். அனுப்பிரியாவின் முகத்தைப் பார்த்து அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

“அம்மை கண்ட குழந்தையை இங்கே கொண்டுவரச் சொல்ல முடியாதே. டாக்டர் சர்ட்டிபிகேட் தாக்கல் செய்யணும் வக்கீலே. ஜூன்ல வைக்கலாம்.”

மார்ச் மாதம் இன்னும் முடியவில்லை. ஜூன்!

வெளியே வந்ததும் அனுப்பிரியாவுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. பொய்யாகத்தான் இருக்கும் என்றது ஒரு மனசு. உண்மையாக இருந்தால்? சொறியாமல் கையைப் பிடித்துக்கொள்ள அங்கே யார் இருக்கிறார்கள்? மூன்றாம் மனிதரிடமிருந்து, அதுவும் கோர்ட்டில் நின்று, பெற்றவள் கேட்க வேண்டிய சேதியா இது?

“கொழந்தைக்கு அம்மா வந்திருக்குது, அம்மை போட்டிருக்குதுன்னா ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?” ரத்தினசாமியின் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது. “மனுசங்கதானா அவங்க? வா அம்மிணி, எலப்புள்ளிக்கே போலாம். கேட்டைப் பூட்டட்டும், நான் பார்த்துக்கறேன்.”

அதற்குள் ஆனந்தி ஓடிவந்தாள். நடந்ததைக் கேட்டதும் அவள் முகம் சிவந்துபோயிற்று. நேரே ரமேஷ்குமாரிடம் போனாள். அவர் வராந்தா முனையில் நின்று இன்னொரு கட்சிக்காரரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

“சார், எனக்கு ஆட்சேபம் இல்லைன்னு நான் எப்ப உங்ககிட்டச் சொன்னேன்?”

“கோபப்படாதே வக்கீலே. சின்னப் பிராயம். இதெல்லாம் கோர்ட்ல சகஜம்.”

“உங்க கட்சிக்காரரை ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேரும் சம்மதம்தான். உக்காந்து பேசினா முடிஞ்சிரும்.”

“என்டெ கட்சிக்காரருக்கு இப்ப பேச மனசில்லை.” போன் அடித்தது. அவர் அதைக் காதில் வைத்துக்கொண்டு, பேச்சு முடிந்தது என்பதற்கு அடையாளமாகத் திரும்பி நின்றுகொண்டார்.

திரும்பி வந்த ஆனந்தி ரத்தினசாமியைத் தடுத்து நிறுத்தினாள். “எலப்புள்ளிக்கு மட்டும் போகாதீங்க மாமா. நீங்க அந்த வாசல்ல கால் வெச்சாப் போதும். ஊடு பூந்து அடிக்க வந்தாங்கன்னு நாளைக்கே உங்க மேல ஒரு கேஸ். அதுக்குத்தான் அந்த ஆள் காத்துட்டு இருக்கறாரு.”

“அப்ப என்னதாம்மா பண்றது? ஜூன் வரைக்கும் கையைக் கட்டிட்டு உக்காந்திருக்கறதா?”

அனுப்பிரியா கைப்பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போனாள். கோகுல்நாத்தின் அக்கா, அவள் நங்கையா என்று கூப்பிடும் நாத்தனார் செல்வப்பிரியாவின் நம்பர் இன்னும் அதில் இருந்தது.

அடுத்த வீட்டிலேயே குடியிருப்பவள். ஊரில் யார் எவரை அடித்தாலும் முதலில் சத்தம் போடுகிற பெண்பிள்ளை. அப்படிப்பட்டவள், அனுப்பிரியா வீட்டைவிட்டு இறங்கிய அன்று மட்டும் வேலிப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கோகுல்நாத்தின் அடியைவிட அந்த மௌனம்தான் அனுப்பிரியாவை அதிகம் உறுத்தியது. அதனாலேயே இத்தனை நாளாக அந்த நம்பரைத் தொடவில்லை.

போன் இரண்டு தரம் அடிப்பதற்குள் செல்வப்பிரியா எடுத்துவிட்டாள்.

“நங்கையா, நான் அனு பேசறேன். மிதுவுக்கு எப்படியிருக்குது? ரொம்ப போட்டிருக்குதா? அதை மட்டும் சொல்லுங்க, வெச்சர்றேன்.”

“என்ன போட்டிருக்குது?”

“அம்மை.”

“அம்மையா? யாருக்கு? கணக்குப் பரீட்சை எழுதிட்டு இப்பத்தான் வந்து எங்கூட்ல உக்காந்து தயிருஞ்சோறு தின்னுட்டு இருக்கறா.” செல்வப்பிரியாவின் குரல் சட்டென்று மாறியது. “இத்தன நாளா இல்லாத அக்கறை இன்னைக்கு என்ன திடீர்னு? சனிக்கிழமை சனிக்கிழமை நாங்க பட்ட பாடு உனக்குத் தெரியுமா?”

“நீங்க என்ன பாடு பட்டீங்க? நானில்ல கோர்ட்ல காத்துக் கெடந்தேன்!”

“நீயா? நீதான் வரமாட்டேன்னு சொல்லிட்டியாமே! ஒவ்வொரு சனிக்கிழமையும் புதுக் கவுனு போட்டு, ரெட்டை சடை போட்டு, ரிப்பன் கட்டி ரெடி பண்ணி உக்கார வெப்பேன். கெளம்பற நேரத்துக்கு வக்கீல்கிட்டருந்து போன் வரும், அந்தப் பொண்ணுக்கு வர சௌகரியப்படலையாம்னு. அந்தப் புள்ள கவுனைக் கழட்ட மாட்டேன்னு அழுதுட்டே தூங்கிப்போகும். பெத்தவளுக்கு மனசு இப்படியா கல்லாப் போகும்னு உன்னைத் திட்டாத நாளில்லை!”

அந்தப் பக்கம் அந்தக் குழந்தை புதுக் கவுனோடு உட்கார்ந்திருந்தது. இந்தப் பக்கம் அனுப்பிரியா பொம்மைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒரு மனிதர் போனை வைத்துக்கொண்டு இரண்டு பேருக்கும் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

“நங்கையா, சத்தியமாச் சொல்றேன். நான் ஒரு சனிக்கிழமைகூட வராம இருந்ததில்லை. இங்க யாரை வேணும்னாலும் கேளுங்க. இப்பவும் கோர்ட் வாசல்லதான் நிக்கறேன்.”

அந்தப் பக்கம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழும் சத்தம் கேட்டது.

“அங்கயே நில்லு” என்றாள் செல்வப்பிரியா. “நகராத. நான் கொழந்தையக் கூட்டிட்டு வர்றேன். எவன் அம்மைன்னு சொன்னானோ அவன் எம்முன்னால சொல்லட்டும்.”

ஆட்டோ வந்து நின்றபோது மத்தியானக் கோர்ட் ஆரம்பமாகியிருந்தது. முதலில் இறங்கியது செல்வப்பிரியா. அவளுக்குப் பின்னால் பள்ளிக்கூட யூனிபார்மில், வாயோரம் சோற்றுப் பருக்கையோடு மிதுலா. நன்றாக வளர்ந்திருந்தாள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அது எப்போது விழுந்தது என்று பெற்றவளுக்குத் தெரியாது.

அனுப்பிரியா கையை நீட்டிக்கொண்டு குனிந்தாள். குழந்தை ஓடிவரவில்லை. அத்தையின் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் மறைந்து நின்று எட்டிப் பார்த்தது.

“நீ ஏம்மா வரவேயில்லை?”

“வந்தேன் கண்ணு. அம்மா வந்துட்டேதான் இருந்தேன்.”

“பொய். நான் உனக்காக ரிப்பன் கட்டியிருந்தேன்.”

அனுப்பிரியா அழுதுவிட்டாள். குழந்தை அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாக அத்தையின் சேலையை விட்டுவிட்டு வந்து, அம்மாவின் மஞ்சள் முந்தானையின் நுனியைப் பிடித்துக்கொண்டது.

“இதென்ன அக்கிரமம்!” என்று ஒரு குரல். ரமேஷ்குமார் வேகமாக வந்துகொண்டிருந்தார். “குட்டி அப்பாவோட கஸ்டடியில இருக்கறது. யாரைக் கேட்டு இங்க கொண்டுவந்தீங்க? இது கடத்தல். ஞான் போலீஸைக் கூப்பிடுவேன்.”

“கூப்பிடுங்க!” செல்வப்பிரியா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். “நான் அவளோட அத்தை. ஒண்ணாம் வகுப்பு சேர்த்துவிட்டதே நான்தான். எங்க ஊட்டுப் பொண்ணு மேல அம்மைன்னு பொய் சொல்லியிருக்கறீங்களே, எங்க கொப்புளம், காட்டுங்க பாக்கலாம்! எங்க தம்பிக்கு வக்கீலா நீங்க, இல்ல எங்க ஊட்டைக் கெடுக்க வந்தவரா?”

வராந்தாவில் காத்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள். ரமேஷ்குமார் முதல் தடவையாக அனுப்பிரியாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பணிவும் இல்லை, சிரிப்பும் இல்லை.

ஆனந்தி அதற்குள் உள்ளே போய், இந்தக் கேஸை இன்றைக்கே மறுபடியும் எடுக்க வேண்டும் என்று நீதிபதியிடம் அனுமதி வாங்கிவிட்டாள்.

நீதிபதி மிதுலாவைப் பக்கத்தில் கூப்பிட்டார். கையைத் திருப்பிப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். இன்றைக்கு என்ன பரீட்சை என்று கேட்டார். கணக்கு என்றது குழந்தை. ஒரு கணக்கு மட்டும் தப்பு என்று தானாகவே சேர்த்துச் சொன்னது.

பிறகு அவர் நிமிர்ந்து ரமேஷ்குமாரைப் பார்த்தார்.

“சிக்கன்பாக்ஸ் என்று உங்களிடம் யார் சொன்னது வக்கீலே?”

“எனக்குக் கட்சிக்காரரின் வீட்டிலிருந்து கிடைத்த விவரம்...”

“கட்சிக்காரரா, கட்சிக்காரரின் வீடா?”

ரமேஷ்குமார் கையிலிருந்த பைலைப் புரட்டினார். அப்போதுதான் வாசல் பக்கம் கோகுல்நாத் வந்து நின்றான். அக்கா போன் செய்ததும் கஞ்சிக்கோட்டு பாக்டரியிலிருந்து வேலை உடுப்போடு அப்படியே ஓடிவந்திருந்தான். நீதிபதி அவனை உள்ளே கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டார்.

“நான் சொல்லலீங்க மேடம்” என்றான். “இன்னைக்குக் கேஸ் இருக்கறதே எனக்குத் தெரியாதுங்க. இவங்க கொழந்தையப் பார்க்க வர இஷ்டப்படலீன்னுதான் வக்கீல் எங்கிட்டச் சொன்னாரு. நேரா பேசினா கேஸ் கெட்டுப்போகும், பேசாதேன்னாரு.”

“நீங்கள் சொல்லவில்லை என்றால் வீட்டில் வேறு யார் சொன்னது?”

கோகுல்நாத் வாயைத் திறந்தான். பிறகு என்ன நினைத்தானோ, மூடிக்கொண்டான். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டைக் கயிற்றைச் சுற்றிச் சுற்றி விரலில் இறுக்கிக்கொண்டே நின்றான். அனுப்பிரியா அவனைப் பார்த்தாள். கை நீட்டிய அந்த மனிதன்மேல் அவளுக்குக் கோபம் தீரவில்லை. தீரப் போவதும் இல்லை. ஆனால் அவனும் ஏமாந்து நிற்கிறான் என்பது தெரிந்தபோது அவளுடைய ஆத்திரம் முழுவதும் அந்தக் கறுப்புக் கோட்டின் பக்கமே திரும்பியது.

நீதிபதி ஒரே மூச்சில் உத்தரவிட்டார். ரமேஷ்குமார் நடந்ததற்கெல்லாம் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். இரண்டு பேரும் வரும் வாரமே நேரில் வந்து உட்கார்ந்து பேச வேண்டும், ஜூன் கிடையாது. இதுவரை விட்டுப்போன சனிக்கிழமைகளுக்குப் பதிலாகக் குழந்தை இப்போதே தாயோடு போகலாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அத்தையிடம் ஒப்படைத்தால் போதும்.

வெளியே வந்தபோது ரமேஷ்குமார் அவர்களைத் தாண்டிப் போனார். போகிற போக்கில், யாருக்கோ சொல்வதுபோல, “ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தானே” என்றார்.

ரத்தினசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆனந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் மிதுலா அம்மாவின் மடியில் உட்கார்ந்துகொண்டு, அப்புச்சி ரத்தினசாமி வாங்கிக் கொடுத்த நேந்திரங்காய் சிப்ஸை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தாள். கூச்சம் போயிருந்தது. விழுந்த பல்லை எந்தக் கூரைமேல் எறிந்தது என்பதிலிருந்து எல்லாக் கதையும் வந்தது. கல்மண்டபத்தைத் தாண்டியதும் திடீரென்று கேட்டாள்:

“அம்மா, அந்தக் கறுப்புக் கோட்டு மாமா ஏன் உங்ககிட்டக் கோவமாப் பேசறாரு? எங்க ஊட்டுக்கு வந்தா நல்லாத்தானே பேசுவாரு.”

அனுப்பிரியாவின் கை அவள் தலைமுடியிலேயே நின்றுவிட்டது. “ஊட்டுக்கு வருவாரா? எப்ப வந்தாரு கண்ணு?”

“நேத்துகூட வந்தாரே. அப்பா வேலைக்குப் போயிருந்தப்ப. அப்பத்தாதான் காப்பி போட்டுக் குடுத்துச்சு. ரெண்டு பேரும் கதவைச் சாத்திட்டுப் பேசிட்டே இருந்தாங்க.”

ரத்தினசாமி திரும்பி மகளைப் பார்த்தார். அப்பத்தா என்றால் ஜானகியம்மாள். கோகுல்நாத்தின் தாய். கோர்ட் வாசலை இதுவரை மிதிக்காதவள். எனக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அத்தையிடம் விட்டாலும் குழந்தை கடைசியில் போய்ச் சேர வேண்டியது அவள் இருக்கிற அந்த வீட்டுக்குத்தான்.

“பொறகு என்னாச்சு?” என்று கேட்டாள் அனுப்பிரியா. குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

“அந்த மாமா போனப்பறம் அப்பத்தா என்னைக் கூப்புட்டு, யாராச்சும் கேட்டா எனக்கு அம்மா வந்திருக்குதுன்னு சொல்லோணும்னு சொல்லுச்சு.” மிதுலா இன்னொரு சிப்ஸை எடுத்து அம்மாவின் வாயில் வைத்தாள். “நான் நெசமாலுமே நீ வந்திருக்கறீன்னு நெனச்சுட்டு வாசல் வரைக்கும் ஓடிப் போய்ப் பார்த்தேன்மா. யாருமே இல்லை.”